குமிழாரும் ஏழாவது குமிழும்

ஒரு பேஸ் கிட்டாருக்கு எத்தனை குமிழ் வேண்டும்? விவரம் தெரிந்தவர்களைக் கேட்டால் ஒன்று என்பார்கள். தாராள மனசுக்காரர்கள் இரண்டு என்பார்கள். நம்மவரைக் கேட்டால் முதலில் உங்களை உட்காரச் சொல்வார், குடிக்கத் தண்ணீர் கொடுப்பார், மின்விசிறியை உங்கள் பக்கம் திருப்பிவிடுவார். அப்போதே எழுந்து ஓடிவிடுவது நல்லது. ஓடாமல் உட்கார்ந்திருந்தவர்கள் யாரும் இரண்டாவது தடவை அவரிடம் அதைக் கேட்டதில்லை.

அவருடைய கிட்டார் கடையிலிருந்து வந்தபோது அதில் இரண்டே குமிழ்கள்தான் இருந்தன. ஒன்று சத்தத்தைக் கூட்டிக் குறைக்க. இன்னொன்று கூர்மையைக் கொஞ்சம் மழுக்க. பாட்டுக்கு அடியில் தும்தும் என்று ஒலிக்க நான்கு தடித்த கம்பிகள், இரண்டு குமிழ்கள், ஒரு வயர் செருகும் ஓட்டை, அவ்வளவுதான் அந்தக் கிட்டாரின் சொத்து. பதினெட்டு வருடத்தில் இரண்டு ஏழானது. அவர் வாசிக்கும் இசைக்குழுவின் பாடகி, பகலில் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருப்பவர், ஒருநாள் ஒத்திகையில் சலித்துப்போய் "வாங்க குமிழாரே, முடிஞ்சுதா?" என்றார். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அதில் இருக்கும் மரியாதை கேலிக்கு வைத்தது என்பது எல்லோருக்கும் தெரியும், அவருக்கு மட்டும் தெரியாது. அப்படிக் கூப்பிட்டால் மனுஷன் பூரித்துப்போவார்.

பிழைப்பு என்னவோ கண்ணாடிக் கடையில். இருபத்தொரு வருடமாகக் கடையின் பின்பக்க இருட்டறையில் கண் பரிசோதனை. வருகிறவர்களை உயரமான நாற்காலியில் உட்கார வைப்பார், மூக்கின் மேல் ஒரு கனத்த சட்டத்தை மாட்டுவார், அதில் வில்லைகளை மாற்றி மாற்றிச் செருகி "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்பார். ஒரு நாளைக்கு இருநூறு தடவையாவது கேட்பார். இந்தத் தொழிலில் அவரிடம் ஒரு வித்தை உண்டு. வந்தவர் உண்மையிலேயே பார்த்துச் சொல்கிறாரா, வாய்க்கு வந்ததைச் சொல்கிறாரா என்று சந்தேகம் வந்தால், வில்லையைக் கழற்றித் துடைத்து, அதே வில்லையைத் திரும்பச் செருகி, "இப்போ?" என்பார். பத்துக்கு ஏழு பேர், "ஆங், இதுதான் பளிச்சுன்னு இருக்கு" என்பார்கள். குமிழார் முகத்தை அசைக்காமல் "அப்படியா" என்று குறித்துக்கொள்வார். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். மனுஷ ஜாதியின் முட்டாள்தனத்தைப் பற்றி அவருக்கு இருந்த நல்ல ஞானம் முழுவதும் அந்த இருட்டறையில் கிடைத்ததுதான்.

வீட்டம்மாவுக்குத் தொலைபேசி நிறுவனத்தில் புகார் கேட்கிற வேலை. தலையில் ஒலிவாங்கியை மாட்டிக்கொண்டு எட்டு மணி நேரம் ஊரிலுள்ள அத்தனை பேரின் குறைகளையும் கேட்டுவிட்டு வருவார். வந்தால் வீட்டில் இவருடைய குறை காத்திருக்கும். "கீழ் சத்தம் சரியா இருக்கு, ஆனா நடுவுல ஒரு சத்தம் அமுங்குது" என்பார் குமிழார். "உங்க புகார் பதிவு செய்யப்பட்டது" என்பார் வீட்டம்மா. அதற்கு மேல் அந்த வீட்டில் அதைப் பற்றி விவாதம் நடந்ததாகத் தெரியவில்லை.

மூன்றாவது குமிழும் நான்காவது குமிழும் ஒன்றாக வந்தன. கீழ்ச் சத்தத்துக்கு ஒன்று, மேல் சத்தத்துக்கு ஒன்று. இவை சும்மா வேலை செய்யாது. கிட்டாரின் முதுகைக் குடைந்து உள்ளே ஒரு சின்ன மின் பலகையும் அதற்கு ஒரு சதுர பேட்டரியும் வைக்க வேண்டும். வைத்தார். பேட்டரி செத்தால் கிட்டாரும் செத்துவிடும் என்பதால், பேட்டரியே இல்லாமல் பழைய மாதிரி வாசிக்க ஒரு சுவிட்சும் வைத்துக்கொண்டார். அவர் செய்ததிலேயே புத்திசாலித்தனமான காரியம் அந்தச் சுவிட்சுதான், அது என்ன கதிக்கு ஆளானது என்று பிறகு சொல்கிறேன். ஐந்தாவது குமிழ் நடுச் சத்தத்துக்கு. நடுச் சத்தம் என்றால் நடுவில் எந்த இடம் என்று ஒரு கேள்வி வருமே, அதற்கு ஆறாவது.

இத்தனையும் வைத்து அவர் வாசித்தது என்ன என்று கேட்கலாம். வரவேற்பு விருந்துகள், அலுவலக ஆண்டு விழாக்கள், புதுக்கடைத் திறப்புகள். ஐந்து பேர் குழு. கீபோர்டு வாசிப்பவர்தான் தலைவர். பாடகி ஒருவர், கிட்டார்காரர் ஒருவர், டிரம்ஸ் வாசிப்பது வீட்டம்மாவின் தம்பி, அதாவது குமிழாரின் மச்சான். வந்தவர்கள் பாடகியைப் பார்ப்பார்கள். குழந்தைகள் டிரம்ஸைப் பார்க்கும். பேஸ் வாசிப்பவரை, கால் தடுக்கி அவருடைய வயரில் விழுந்தவர்கள் மட்டும் பார்ப்பார்கள்.

உண்மையைச் சொல்லிவிடுவதே நல்லது. அவருக்கு அது வலித்தது. கண்ணாடிக் கடையில் வருகிறவர்கள் சுவரிலிருக்கும் எழுத்தைப் பார்ப்பார்களே தவிர எழுத்தைக் காட்டுகிறவரைப் பார்க்க மாட்டார்கள். மேடைக்கு வந்தாலும் அதே கதிதான். நிகழ்ச்சி தொடங்குவதற்கு முன்பு எல்லோரும் சத்தத்தைச் சரிபார்க்கும் அந்த நேரத்தில் மட்டும்தான் உலகம் அவருக்காகக் காத்திருந்தது. மற்ற நான்கு பேரும் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். குமிழாருக்கு நாற்பது நிமிடம். ஒரு குமிழைக் கால் சுற்றுத் திருப்பி, "தும்" என்று ஒரு தட்டு தட்டி, கண்ணை மூடித் தலையை ஆட்டி, "இல்ல" என்பார். மண்டபமே நின்று பார்க்கும். கொட்டாவி விட்டுக்கொண்டுதான் பார்க்கும், இருந்தாலும் பார்க்கும்.

ஆறு குமிழ்களோடு நின்றிருந்தால் நிம்மதியாக வாழ்ந்திருப்பார். ஆனால் ஒருநாள் இணையத்தில் யாரோ ஒரு பேஸ்காரர், 'எல்லாம் இருந்தும் சத்தத்தில் காற்று இல்லை' என்று எழுதியதைப் படித்துத் தொலைத்தார். அன்றிலிருந்து இவர் சத்தத்திலும் காற்று இல்லாமல் போயிற்று. கிட்டாரைத் தூக்கிக்கொண்டு ரிப்பேர்காரரிடம் ஓடினார்.

ரிப்பேர்காரர் ஒரு மாடிப்படிக்குக் கீழே கடை வைத்திருப்பவர். ஒலிபெருக்கி, ஆம்ப்ளிஃபயர், கெட்டுப்போன மைக் எல்லாம் அவரைச் சுற்றிக் குவிந்து கிடக்கும். நடுவில் ஒரு முக்காலி. குமிழாரின் கிட்டாரை இதுவரை நான்கு தடவை குடைந்தவர் அவர்தான். இந்தத் தடவை முதுகுத் தகட்டைக் கழற்றிப் பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டார்.

"இடமே இல்ல சார். இதுக்கு மேல தோண்டினா முன்பக்கம் வந்துடும்."

"ஒரு நாப்தானே மாஸ்டர், எங்கயாவது சொருகுங்க."

"சொருகணும்னா அந்த சுவிட்சைத்தான் எடுக்கணும். பேட்டரி போனா வாசிக்க வெச்சீங்களே, அது."

"எடுத்துடுங்க. பேட்டரியை நான் பார்த்துக்கறேன்."

ரிப்பேர்காரர் சுவிட்சை எடுத்தார். மூன்று நாள் கழித்துக் குமிழார் போய் நின்றபோது, சுவிட்சு இருந்த இடத்தில் ஏழாவது குமிழ் மினுக்கிக்கொண்டிருந்தது. ரிப்பேர்காரர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். இவர் அதற்குள் வயரைச் செருகி, குமிழைத் திருகி, கம்பியைத் தட்டி, கண்ணை மூடிவிட்டார். கண்ணை மூடினால் அவருக்குக் காதும் மூடிக்கொள்ளும். "சரி சரி, சரி மாஸ்டர்" என்று தலையை மட்டும் ஆட்டினார். பிறகு கண்ணைத் திறந்து, "ஆஹா" என்றார். "இதைத்தான் மாஸ்டர் இத்தனை வருஷமா தேடிக்கிட்டு இருந்தேன்." ரிப்பேர்காரர் சொல்ல வந்ததைப் பாதியிலேயே விட்டுவிட்டு, வேறொரு ஒலிபெருக்கியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

அடுத்த நான்கு மாதம் குழுவில் இருந்தவர்கள் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. ஏழாவது குமிழைப் பற்றிக் குமிழார் விரிவுரை நிகழ்த்தாத நாளில்லை. அதைப் பாதிக்கு வைத்தால் சத்தம் மூச்சு விடுமாம். முக்காலுக்கு வைத்தால் சபைக்கு எழுந்து நிற்குமாம். முழுசாக வைக்கவே கூடாதாம், அது திறந்த வெளி மேடைக்கு மட்டுமாம். இதில் அதிசயம் என்னவென்றால் மற்றவர்களுக்கும் அது கேட்க ஆரம்பித்தது. "இன்னைக்குக் காத்து கொஞ்சம் ஜாஸ்தி, குறைங்க" என்று தலைவரே ஒருநாள் சொன்னார். குமிழார் ஒரு இழை குறைத்தார். "அப்பா, இப்பதான் காதுக்கு இதமா இருக்கு" என்றார் தலைவர். மச்சானும் "ஆமா அத்தான், முன்னைக்கு இப்ப எவ்வளவோ தேவலை" என்று ஒத்து ஊதினான்.

இப்படி எல்லாம் சுமுகமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஓட்டல் வந்தது.

பெரிய ஓட்டல். வாரம் இரண்டு நாள், சாயங்காலம், கீழ்த்தள உணவுக்கூடத்தில் நிரந்தரமாக வாசிக்க ஒரு குழு வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். தலைவர் போய்ப் பேசிவிட்டு வந்து, ஒத்திகையில் தொண்டையைக் கனைத்தார். "மேடை சின்னது. நாலு பேருக்குத்தான் தாராளமா இடம் இருக்கும்னு மேனேஜர் சொல்றார்."

யாரும் யாரையும் பார்க்கவில்லை. பாடகி இல்லாமல் பாட்டு இல்லை. டிரம்ஸ் இல்லாவிட்டால் தாளம் இல்லை. கிட்டார் இல்லாவிட்டால் குழு மாதிரியே இருக்காது. கீபோர்டு தலைவருடையது.

"பேஸை நான் இடது கையாலயே சமாளிச்சுடுவேன்" என்றார் தலைவர், தன் இடது கையைப் பார்த்துக்கொண்டே. "ஆனா பதினெட்டு வருஷம் ஒண்ணா இருந்திருக்கோம். அஞ்சு பேராவே ஒரு தடவை வாசிச்சுக் காட்டறோம்னு சொல்லியிருக்கேன். ஞாயித்துக்கிழமை மத்தியானம். பேஸ் ஒழுங்கா கேட்டு அந்த மனுஷனுக்குப் பிடிச்சுதுன்னா அஞ்சு பேர். இல்லன்னா..." பிறகு, "யோவ் குமிழாரே, நாப்பு நாப்புன்னு நாற்பது நிமிஷம் எடுக்காதய்யா அங்க. கெஞ்சிக் கேட்டுக்கறேன்" என்றார்.

குமிழார் சிரித்தார். வீட்டுக்கு வந்ததும் சிரிப்புப் போய்விட்டது. கண்ணாடிக் கடையும் வீடும் தவிர அவருக்கு இருந்த ஒரே இடம் அந்தக் குழுதான். அதுவும் போய்விட்டால் மீதி ஆயுசு முழுவதும் "இது தெளிவா, அது தெளிவா" மட்டும்தான். அந்த வாரம் கடையில் மூன்று பேருக்குத் தப்பாக எழுதிக் கொடுத்துவிட்டு, அவர்களைத் திரும்ப அழைத்துச் சரிசெய்ய வேண்டியதாயிற்று.

சனிக்கிழமை காலை, கடைக்கு விடுமுறை சொல்லிவிட்டுக் கிட்டாரை மேஜைமேல் குப்புறப் படுக்க வைத்தார். புதுப் பேட்டரி மாற்ற வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மாற்றுகிற பேட்டரி, விரிவுரைகளின் மும்முரத்தில் நான்கு மாதமாகியும் உள்ளேயே கிடந்தது. முன்பெல்லாம் சுவிட்சு இருந்ததால் கவலை இல்லை. இப்போது அப்படி இல்லையே. நான்கு திருகாணிகளைக் கழற்றி, தகட்டைத் தூக்கி, பழைய பேட்டரியை வெளியே எடுத்தார். எடுத்த கையோடு, ஏழாவது குமிழின் அடிப்பாகத்தை இன்றுதான் உள்ளிருந்து பார்க்கப்போகிறோம் என்று ஆசையாகக் குனிந்தார்.

மற்ற ஆறு குமிழ்களின் காலிலிருந்தும் சிவப்பு, கறுப்பு, மஞ்சள் என்று வயர்கள் கிளம்பிப் போயிருந்தன. ஏழாவது குமிழுக்கும் மூன்று கால்கள் இருந்தன. மூன்றிலும் ஒன்றும் இல்லை. பற்றவைத்த தடம்கூட இல்லை. கடையில் வாங்கியபோது எப்படிப் பளபளவென்று இருந்திருக்குமோ அப்படியே இருந்தது.

விரலால் தொட்டுப் பார்த்தார். டார்ச் அடித்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். கண் பரிசோதகர் அல்லவா, தன் கண்ணையே நம்பாமல் பார்க்க வேண்டிய முறைகள் அத்தனையும் செய்தார். பிறகு ரிப்பேர்காரருக்குப் போன் போட்டார்.

"மாஸ்டர், ஏழாவது நாப்ல வயரே இல்ல!"

"ஆமா சார்."

"என்ன ஆமா?"

"அந்தப் பார்ட் வரல சார். ஓட்டை அசிங்கமா தெரியுதேன்னு சும்மா நாப்பை மட்டும் மாட்டியிருக்கேன், ரெண்டு வாரம் கழிச்சுக் கொண்டாங்க, கனெக்ஷன் கொடுத்துடறேன்னு அன்னைக்கே சொன்னேனே. நீங்க சரி சரின்னு தலையாட்டினீங்க."

"அப்புறம் நான் ஆஹான்னு சொன்னப்போ நீங்க ஏன் சும்மா இருந்தீங்க?"

"நல்லாருக்குன்னு சொல்ற ஆள்கிட்ட நல்லா இல்லன்னு நான் எப்படி சார் சொல்றது? பார்ட் இப்ப வந்துடுச்சு. திங்கக்கிழமை வேணா கொண்டாங்க."

குமிழார் போனை வைத்தார். இருட்டறை நாற்காலியில் உட்கார்ந்து, அதே வில்லையைப் பார்த்து "இதுதான் பளிச்சுன்னு இருக்கு" என்று சொன்ன அத்தனை முகங்களும் வரிசையாக அவருக்கு ஞாபகம் வந்தன. அத்தனை பேரையும் நினைத்து அவர் சிரித்த சிரிப்பும் ஞாபகம் வந்தது. நான்கு மாதம், வாரத்துக்கு மூன்று ஒத்திகை. பாதிக்கு வைத்தால் மூச்சு விடுகிறது. முக்காலுக்கு வைத்தால் எழுந்து நிற்கிறது. அவமானத்தில் காது மடல் வரைக்கும் சுட்டது. யாராவது பார்த்துவிடுவார்களோ என்று, வீட்டில் யாருமே இல்லாதபோதும், அவசர அவசரமாக மேஜையில் கிடந்த பேட்டரியை எடுத்து உள்ளே திணித்துத் தகட்டை மூடித் திருகாணிகளை முடுக்கினார்.

மேஜையில் இரண்டு பேட்டரிகள் கிடந்தன. உள்ளே போனது பழையது. இதுகூடத் தெரியாத அளவுக்கு அவருக்குக் கண் இருட்டிப்போயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஓட்டல் உணவுக்கூடம் காலியாக இருந்தது. மேனேஜர் கோட்டைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டுவிட்டு, எதிரே ஒரு மேஜையில் உட்கார்ந்தார். பின்வரிசை மேஜை ஒன்றில் வீட்டம்மா. குழுவுக்காக அவர் வருவது அபூர்வம், அன்று தம்பி வற்புறுத்திக் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். எல்லாருடைய வயர்களும் ஓட்டலின் ஒலிபெருக்கிக்குப் போயின. அந்த ஒலிபெருக்கிகள் மேஜைகளைப் பார்த்து நின்றதால், மேடையில் இருப்பவர்களுக்குத் தங்கள் சத்தமே சுற்றிக்கொண்டு வந்து தூரத்திலிருந்து கேட்டது. குமிழார் அன்று ஒரு குமிழையும் தொடவில்லை. ஒரே நிமிடத்தில் "சரி" என்றார். பாடகி அவர் நெற்றியைத் தொட்டுப் பார்க்காத குறைதான்.

முதல் பாட்டு நன்றாகப் போயிற்று. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது பாட்டின் கடைசியில் குமிழாருடைய கிட்டாரின் குரல் கரகரத்தது. பிறகு தேய்ந்தது. நான்காவது பாட்டின் முதல் அடியில் குமிழார் ஓங்கித் தட்டினார். கம்பி ஆடியது, சத்தம் வரவில்லை.

சத்தக் குமிழைக் கூட்டினார். ஒன்றுமில்லை. கீழ்ச் சத்தம், மேல் சத்தம், நடுச் சத்தம், நடுவில் எந்த இடம், எல்லாவற்றையும் திருகினார். ஒன்றுமில்லை. பழக்க தோஷத்தில் கை சுவிட்சைத் தேடிப் போய் ஏழாவது குமிழில் முட்டி நின்றது. இப்படிப்பட்ட ஒரு நாளுக்காகவென்றே அவர் வைத்துக்கொண்ட சுவிட்சு, எதற்கும் உதவாத ஒரு குமிழுக்கு இடம் விட்டுவிட்டுப் போயிருந்தது.

நிறுத்த முடியாது. நிறுத்தினால் மேனேஜர் பார்ப்பார், தலைவர் திரும்புவார், அதோடு எல்லாம் முடிந்தது. ஆகவே குமிழார் வாசித்துக்கொண்டேயிருந்தார். ஊமைக் கம்பிகளில் ஒரு சுரம் தவறாமல், ஒரு தாளம் பிசகாமல், நெற்றியில் வியர்வை வழிய வாசித்தார். வாழ்க்கையிலேயே அவ்வளவு கவனமாக அவர் வாசித்ததில்லை. நான்காவது பாட்டு முடிந்தது. ஐந்தாவதும் முடிந்தது. தலைவரின் இடது கை கீபோர்டின் அடிப்பகுதியில் தன்பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருந்தது. மச்சான் தன் டிரம்ஸைத் தவிர வேறு எதையும் கேட்கிற ரகமில்லை.

கடைசியான அந்த ஐந்தாவது பாட்டு முடிந்ததும் மேனேஜர் எழுந்து கை தட்டினார். "ரொம்ப நல்லாருக்கு. அஞ்சு பேரும் வாங்க, மேடையைக் கொஞ்சம் நீட்டிக்கலாம்." பிறகு குமிழாரைப் பார்த்து விரலை நீட்டினார். "முக்கியமா அந்த பேஸ். மத்த குழு எல்லாம் வந்து சாப்பிடறவங்க நெஞ்சுல இடிக்கற மாதிரி வாசிச்சாங்க. இவரோடது கடைசி ரெண்டு பாட்டுல எவ்வளவு அடக்கமா இருந்துச்சு! அப்படியே வெச்சுக்கோங்க."

பதினெட்டு வருடத்தில் ஒரு சபையில் யாரோ ஒருவர் அவருடைய பேஸைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை.

வயரைச் சுருட்டிக்கொண்டிருந்த தலைவரிடம் போய் நின்றார் குமிழார். எப்படியும் தெரிந்துவிடும், திட்டுவதற்கு முன்னால் நாமே சொல்லிவிடுவோம் என்று நினைத்தார். "தலைவரே, மன்னிச்சுக்கணும். பேட்டரி போயிடுச்சு. கடைசி ரெண்டு பாட்டும் நான் வாசிக்கவே இல்ல. சத்தமே வரல."

தலைவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "யோவ், எடம் கெடச்ச சந்தோஷத்துல கிண்டலா? நான் பக்கத்துல நின்னு கேட்டேன்யா. இன்னைக்குத்தான் உன் சத்தம் சத்தமாவே இருந்துச்சு."

"நெஜமாத்தான் சொல்றேன்."

"சும்மா இருங்க அத்தான்" என்றான் மச்சான், குச்சிகளைப் பையில் போட்டுக்கொண்டே. "அஞ்சாவது பாட்டு நடுவுல நீங்க ஒரு இழு இழுத்தீங்களே, எனக்குப் புல்லரிச்சுடுச்சு. ஏழாவது நாப்பை எங்க வெச்சிருந்தீங்க?"

குமிழார் வாயைத் திறந்தார். இருபத்தொரு வருடம் இருட்டறையில் குறித்துக்கொண்ட "அப்படியா"க்கள் தொண்டைவரை வந்தன. "பாதிக்கு" என்று சொல்லிவிட்டுக் கிட்டாரைப் பையில் போட்டு மூடினார்.

இடம் நிலைத்துவிட்டது. நினைத்தது நடந்துவிட்டது. ஆனாலும் ஓட்டலின் பின்வாசல் படிகளில் இறங்கும்போது, தன்னை யாரோ குழுவிலிருந்து நீக்கிவிட்ட மாதிரி இருந்தது அவருக்கு. நீக்கியிருந்தால்கூட இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது. பதினெட்டு வருடம் வாசித்ததும் வாசிக்காமல் நின்றதும் அவர்கள் காதுக்கு ஒன்றுதான் என்றால், இத்தனை நாள் அங்கே நின்றது யார்?

வாகனங்கள் நிற்கும் இடத்தில் நிழலுக்கு ஒதுங்கி வீட்டம்மா நின்றிருந்தார்.

"அஞ்சு பேருக்கும் சரின்னுட்டார்" என்றார் குமிழார்.

"கேட்டேன்." வீட்டம்மா அவருடைய முகத்தையே பார்த்தார். "என்ன ஆச்சு உங்களுக்கு? கடைசி ரெண்டு பாட்டுல நீங்க வாசிக்கவே இல்லையே."

குமிழார் தோளிலிருந்த பையைக் கீழே இறக்கி வைத்தார். "கை ஆடிக்கிட்டுதானே இருந்துச்சு? உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"கையை யார் பார்த்தா? கேக்கல. அதான்."

"உன் தம்பிக்குக் கேட்டுச்சாம். தலைவருக்கும் கேட்டுச்சாம்."

"அவங்களுக்கு என்ன தெரியும்?" என்றார் வீட்டம்மா. "கல்யாணமானதுல இருந்து நீங்க அந்த ரூம் கதவைச் சாத்திக்கிட்டு வாசிக்கறீங்க, நான் இந்தப் பக்கம் துணி மடிச்சுக்கிட்டு இருக்கேன். சுவரைத் தாண்டி உங்க நாப் எதுவும் வராதுங்க. காத்தும் வராது, நடுவும் வராது. தும்முன்னு அடியில நீங்க வாசிக்கறது மட்டும்தான் வரும். நாளெல்லாம் கண்டவங்க கத்தறதைக் கேட்டுட்டு வர்றேன், அதைக் கேட்டாத்தான் எனக்குத் தலை சரியாகும். அது நின்னா எனக்குத் தெரியாதா?"

குமிழாருக்குக் கண் நிறைந்துவிட்டது. மறைக்கவும் தோன்றவில்லை. வாகன நிறுத்தத்தின் காவலாளி ஒருவர் இவர்களைப் பார்த்துவிட்டு, வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அந்த ரெண்டு பாட்டையும்" என்றார் குமிழார், மூக்கைத் துடைத்துக்கொண்டு, "வீட்டுக்குப் போனதும் உன் முன்னால உட்கார்ந்து வாசிக்கட்டுமா?"

"வேணாம்" என்றார் வீட்டம்மா. "உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டு வாசிங்க."